காதுமடக்கி ரோசம்மா

ஆரணியில் ரோசம்மாள் சிஸ்டர் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். காதுமடக்கி ரோசம்மா என்று கேட்டுப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டில் பூ கட்டுகிற அம்மாகூட எழுந்து வந்து வழி காட்டும். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் மற்ற நர்சுகள் ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள். இவர் காதை மடித்துப் பார்ப்பார். மடித்துவிட்டு விரலை எடுப்பார். காது டக்கென்று நிமிர்ந்துகொண்டால் நிறைமாசப் பிள்ளை. தூங்கி எழுகிறவன் மாதிரி மெதுவாக எழுந்தால் பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பதினோரு வருஷம் அவரோடு ஒரே மாடியில் வேலை பார்த்தவன் நான். பெயர் கிருபாகரன், லேப் டெக்னீஷியன். கீழே மருந்துக் கடை, மேலே பத்துக் கட்டில் போட்ட பிரசவ ஆஸ்பத்திரி, அதன் மூலையில் என் லேப். மூத்திரம், ரத்தம், சளி, இதுதான் என் உலகம். நான் வீரன் கிடையாது. எவ்வளவு வீரன் என்பதை இதில் நீங்களே பார்க்கப்போகிறீர்கள்.

ரோசம்மாள் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நாலேமுக்கால் அடி உயரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாவது தடவை கேட்டதில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் பச்சைக் குழந்தைகள் வார்டில் பயிற்சி எடுத்துத் திரும்பியபோது ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு கட்டம் போட்ட தாள். குழந்தையின் மணிக்கட்டை மடக்கினால் எவ்வளவு மடங்குகிறது, கையைப் பிடித்துத் துண்டு போடுவதுபோல எதிர்த் தோளுக்கு இழுத்தால் முழங்கை நெஞ்சைத் தாண்டுகிறதா, குதிகாலைக் காதுப் பக்கம் கொண்டுபோனால் எதிர்க்கிறதா, உள்ளங்காலில் எத்தனை கோடு, மார்புக் காம்புக்கு அடியில் பருப்பு மாதிரி தட்டுப்படுகிறதா, முதுகில் பூனைமுடி இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கூட்டினால் பிள்ளை வயிற்றில் எத்தனை வாரம் இருந்தது என்று வந்துவிடும். தாய் தேதியை மறந்திருக்கலாம், மாமியார் மாற்றிச் சொல்லலாம். பிள்ளையின் உடம்புக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது என்பார்.

எழுதினால் நடந்ததைத்தான் எழுதுவார். ஒரு பெரிய பட்டு வியாபாரி, பேரன் ஜாதகத்துக்காகப் பிறந்த நேரத்தை இருபது நிமிஷம் தள்ளி எழுதச் சொன்னார். "புள்ள பொறந்தப்ப கடிகாரம் என் தலைக்கு மேல இருந்துதுங்க, உங்க வீட்ல இல்ல" என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மாவிடம் புகார் போனது. அதற்கும் அதே பதில்தான்.

இனி அந்தச் சித்திரை மாசம். 1998.

காலை ஒன்பதரைக்கு ஜெயவேல் என்பவன் தன் தங்கையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். ஜெயப்ரியா, பத்தொன்பது வயது. சந்தவாசல்காரி, ஆரணியில் தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்குப் போனவளுக்கு அன்று காலையில் திடீரென்று பனிக்குடம் உடைந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே வலி. பத்தேகாலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா சென்னைக்குப் போயிருந்தார். மாடியில் இருந்தது ரோசம்மாள், ஆயா வேலை பார்க்கும் கற்பகம், நான், மூன்று பேர்தான்.

குழந்தை கொழுகொழுவென்று இருந்தான். கற்பகம் தராசில் போட்டு, "ரெண்டு கிலோ தொள்ளாயிரம்! ராஜா மாதிரி கீறான்" என்று கத்தினாள். ரோசம்மாள் சிரிக்கவில்லை. அவர் காதில் விழுந்தது வேறு. குழந்தை ஒவ்வொரு மூச்சையும் விடும்போது 'ம்... ம்...' என்று முனகினான். காதை மடித்தார். அது மெதுவாகத்தான் எழுந்தது. உள்ளங்காலைப் பார்த்தார். விரலுக்குக் கீழே குறுக்காக ஒரே ஒரு கோடு, மற்றபடி வழவழவென்று இருந்தது. விதை இன்னும் கீழே இறங்கவில்லை. தாளை எடுத்துக் கூட்டினார். இருபத்தைந்து. அதாவது கடைசியாகத் தூரமான நாளிலிருந்து எண்ணும் ஆஸ்பத்திரிக் கணக்கில் முப்பத்தி நாலு வாரம், கரு தங்கி முப்பத்திரண்டு. ஆறு வாரம் முன்னதாக வந்துவிட்டான்.

இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிவந்து குழந்தையின் மூக்கில் மாஸ்க்கை வைத்தார். வேலூருக்கு வேன் சொல்லச் சொன்னார். "கிருபா, ஜல்தியா தாயோட யூரின்ல சுகர் பாரு" என்று என்னிடம் பாட்டிலை நீட்டினார்.

நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் சிவப்பாய் நின்றது. அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் உள்ளே இருக்கும் பிள்ளை ஊதிப் பெருக்கும். உடம்பு பெருக்கும், நுரையீரல் பெருக்காது. ரோசம்மாள் இதைக் காதை வைத்தே ஊகித்திருந்தார். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லப்போனேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

மாமியார் பச்சையம்மாள் பேரனைப் பார்த்ததும் கண் கலங்கினாள், அதை நான் பார்த்தேன். நெற்றியை வழித்து நெட்டி முறித்தாள். "எவ்ளோ எடைம்மா?" என்று கற்பகத்தைக் கேட்டாள். கற்பகம் பெருமையாகச் சொன்னாள். பச்சையம்மாளின் கை அப்படியே நின்றது.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுத்தான் தறி வீட்டுக்குப் போகும். நெய்த சேலை எடை போட்டுத்தான் திரும்பி வரும். எடை ஒத்து வந்தால் யோக்கியன், வராவிட்டால் திருடன். பச்சையம்மாள் ஒரு பட்டு முதலாளி வீட்டில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து முப்பது வருஷமாகச் சேலை வாங்கிக்கொண்டிருந்தவள். பேச்சை நம்பமாட்டாள், கண்ணீரை நம்பமாட்டாள், தராசு முள்ளை நம்புவாள்.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள். கற்பகம் போட்டாள். அதே எடை. பச்சையம்மாள் விரல்விட்டு எண்ணினாள். ஆவணிக் கடைசியில் கல்யாணம். ஏழு மாசம் பன்னிரண்டு நாள்.

"நானும் ஏழாம் மாசத்துல ஒண்ணு பெத்தவதான். உள்ளங்கைல அடங்கிச்சி. மூணு நாள்ல போச்சி. இது நெறமாசம்டா கண்ணா. எடை பொய் சொல்லாது" என்று மகனைப் பார்த்துச் சொன்னாள்.

மகன் கமலக்கண்ணன். இருபத்தாறு வயது. கெட்டவன் இல்லை என்று இன்றைக்கும் தெருவில் சொல்வார்கள். அந்தக் கெட்டவன் இல்லாதவன் செய்ததைக் கேளுங்கள். பிள்ளை பெற்று முக்கால் மணி நேரம்கூட ஆகாதவளின் முடியைக் கையில் சுருட்டி, கட்டில் கம்பியில் முகத்தை மோதினான். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. "யாருதுடி? யாருது?" என்று ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு கேள்வி. அவள் தடுக்கத் தூக்கிய கைகளில் வளைகாப்பு வளையல்கள் நொறுங்கி மணிக்கட்டைக் கிழித்தன. "உங்களுதுதாங்க, சாமி சத்தியமா உங்களுதுதாங்க" என்று அவள் சொன்னாள். கடைசி வார்த்தையில் அவன் குத்திய குத்தில் தாடை உடைந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ரத்தமும் சத்தமும்தான், வார்த்தை இல்லை.

ரோசம்மாள் "டேய்!" என்று கத்தினார். குழந்தையின் மூக்கிலிருந்து கையை எடுக்க முடியாது. கற்பகம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதைத்த உதையில் சுவரோடு போய் உட்கார்ந்தாள்.

நான் என்ன செய்தேன்? லேபுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கதவின் மேல்பாதி கண்ணாடி. எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஜெயவேல் கீழே டீ வாங்கப் போயிருந்தான். ஃபிளாஸ்கோடு மேலே வந்தவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து கொதிக்கக் கொதிக்க மச்சான் மூஞ்சியில் ஊற்றினான். கமலக்கண்ணன் அலறிக்கொண்டு அவன்மேல் பாய, கூட வந்த பங்காளிகள் மூன்று பேரும் பாய்ந்தார்கள். கட்டில் கவிழ்ந்தது. மருந்து அலமாரிக் கண்ணாடி உடைந்தது. யாரோ யார்மீதோ விழுந்ததில் ஆக்சிஜன் சிலிண்டர் சாய்ந்து, மேலே இருந்த மீட்டர் முறிந்துபோய், காற்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியேறியது. அந்தச் சீறலில் போய்க்கொண்டிருந்தது அந்தக் குழந்தையின் உயிர் என்று அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

முகமெல்லாம் வெந்துபோன கமலக்கண்ணன் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கினான். ஜெயவேல்மீது போடுவான் என்று நினைத்தேன். குழந்தையின் மேஜைப் பக்கம் திரும்பினான்.

"இது எதுக்கு இருக்கணும்?" என்றான்.

இரும்பு மேலே போனது. ரோசம்மாள் குழந்தையின்மேல் கவிழ்ந்துகொண்டார். அடி அவர் தோளில் இறங்கியது. காறை எலும்பு உடைந்த சத்தம் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே எனக்குக் கேட்டது. இரண்டாவது அடிக்கு அவன் ஓங்குவதற்குள் ஜெயவேல் சிலிண்டரைத் திருகித் திறக்கும் இரும்புச் சாவியால் அவன் பின்மண்டையில் போட்டான். கமலக்கண்ணன் மடிந்து விழுந்தான். ஜெயவேலைப் பங்காளிகள் படியில் உருட்டினார்கள். அவன் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

அப்புறம்தான் மாடியில் சத்தம் அடங்கியது. 'ம்... ம்...' மட்டும் கேட்டது.

"கிருபா! வெளிய வா. அந்தக் குழாய எடுத்துகினு வா" என்றார் ரோசம்மாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இன்றுவரை நினைக்கிறேன்.

இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் பலூன் மாதிரி இருக்கும் ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் குழந்தைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. கீழே வேன் வந்து ஹாரன் அடித்தது. பச்சையம்மாள் படியின் தலைப்பில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பங்காளிகள்.

"நெறமாசப் புள்ளைக்கு எதுக்கு வேலூரு? கண்ணாடிப் பொட்டில வெச்சிக் கொறமாசம்னு எழுதி வாங்கியாறப் பாக்குறீங்களா? எம்புள்ள மண்டை ஒடஞ்சி கெடக்கறான். ஒருத்தரும் எறங்கக் கூடாது."

நான் குழாயைக் காட்டிச் சர்க்கரை, சிவப்பு என்று உளறினேன். "உங்க கலர் தண்ணியெல்லாம் எனக்கு வாணாம்" என்றாள். ரோசம்மாள் என்னை வாயை மூடு என்பதுபோலப் பார்த்தார்.

"ஏம்மா, எடை கொறஞ்ச சேலைய ஈரத்துல போட்டு எடுத்தாந்தா முள்ளு சரியாத்தான நிக்கும்?"

பச்சையம்மாள் அவரை முறைத்தாள்.

"நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்."

"அப்ப திருட்ட எப்பிடிப் புடிப்பீங்க? தராசுலயா?"

"கையில" என்றாள் பச்சையம்மாள். சொன்ன பிறகு அவள் முகம் மாறியது.

"இவன் ஈரத்துல கெடந்த சேலைம்மா. சர்க்கரைத் தண்ணில ஊறி எடை ஏறிக்கினு வந்துகீறான். தராசு கெடக்கட்டும். வந்து கையால பாருங்க. நான் சொல்றத நம்ப வாணாம்."

அவள் வந்தாள். ரோசம்மாள் பையை அமுக்குவதை நிறுத்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். காதை மடிங்க, விடுங்க. காலத் தடவுங்க, ரேக இருக்குதா? மாரப் புடிச்சிப் பாருங்க, பருப்பு ஆப்புடுதா? பச்சையம்மாள் காதை மடித்தாள். விரலை எடுத்தாள். மெதுவாக எழுந்தது. இன்னொரு முறை மடித்தாள். முப்பது வருஷம் பட்டைத் தடவிய விரல்கள் அவை. நைந்த நூலையும் ஈர நூலையும் இருட்டில்கூடப் பிரித்துச் சொல்லும். அவை மூன்றாவது தடவை மடிக்கவில்லை.

"வழிய வுடுங்கடா!" என்று பங்காளிகளைப் பார்த்துக் கத்தினாள். "வழிய வுடுங்கடா பாவிங்களா!"

வேன் சொல்லி ஐம்பது நிமிஷம் போய்விட்டிருந்தது. வேனில் ரோசம்மாள், பச்சையம்மாள், நான். ரோசம்மாள் கை ஓய்ந்தபோது நான் அமுக்கினேன். என் அளவு சரியில்லை என்று மறுபடி அவரே வாங்கிக்கொண்டார். எலும்பு தோலுக்குள் குத்திக்கொண்டு நிற்க, மேடு பள்ளத்துக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, எண்ணி எண்ணி அமுக்கினார். பச்சையம்மாள் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "இருடா, இருடா ராஜா, ஆயா தப்பாச் சொல்ட்டேன், இருடா" என்று அழுதுகொண்டே வந்தாள். கண்ணமங்கலம் தாண்டியதும் அவன் மூச்சை நிறுத்திவிட்டான். வேலூர் போய்ச் சேரும்வரை ரோசம்மாள் நிறுத்தவில்லை.

அங்கே டாக்டர் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார். முப்பத்தி நாலு வாரம், நுரையீரல் முதிரவில்லை, ஆக்சிஜன் தொடர்ந்து கிடைத்திருந்தால் பிழைத்திருக்கலாம். கடைசி வரியை ரோசம்மாள்தான் தமிழில் படித்துச் சொன்னார். பச்சையம்மாள் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆறாம் நாள் கமலக்கண்ணன் எங்கள் மாடி ஆஸ்பத்திரிக்கு வந்தான். தலையில் கட்டு, முகத்தில் வெந்த புண். பின்னால் பச்சையம்மாள். ஜெயப்ரியா தாடையில் கம்பி கட்டிப் படுத்திருந்தாள். பல் இடுக்கில்தான் பேச்சு. ரோசம்மாள் தோளில் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்திருந்தார், டாக்டரம்மா வேண்டாம் என்றும் கேட்கவில்லை. நான் சத்தம் கேட்டு லேபிலிருந்து வெளியே வந்தேன். இந்தத் தடவை வெளியே வந்தேன்.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தான். வேலூர் டாக்டர் எழுதிய தாளை விரித்துக் காட்டினான்.

"எம்புள்ளதான்னு எழுதிக் குடுத்துட்டாங்க ப்ரியா. முப்பத்தி நாலு வாரமாம். மூணு பேராண்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். எம்புள்ளதான். எனக்குத் தெரியாம பூட்சிம்மா. வீட்டுக்கு வந்துடு. வேற புள்ள பெத்துக்கலாம்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கம்பிக்குள்ளிருந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் போட்டாள்.

"அது உன் புள்ள இல்ல."

"இன்னா சொல்ற நீ?"

"உங்கம்மா சொன்னதுதான் சரி. உன்து இல்ல. போ."

அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அடிக்கப்போகிறான் என்று நினைத்து இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவன் என்னைக் கவனிக்கவே இல்லை. ரோசம்மாள் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க. நீங்கதான கணக்குப் போட்டீங்க? காத மடிச்சிக் காமிச்சீங்களாமே? ஒரு வார்த்த சொல்லுங்க சிஸ்டர். எம்புள்ளதான?"

இருபது நிமிஷத்தை மாற்றி எழுதாதவர் ரோசம்மாள். அவர் வாயிலிருந்து உண்மையைத் தவிர வேறு வந்து நான் கேட்டதில்லை. அந்தப் பன்னிரண்டு கட்டத் தாளும் அந்த அறை மேஜையிலேயே இருந்தது. அவர் ஜெயப்ரியாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடவில்லை, கெஞ்சவும் இல்லை.

"பெத்தவளுக்குத் தெரியாதது எனக்கு இன்னா தெரியும்? அவங்க சொன்னா சரிதான்" என்றார் ரோசம்மாள்.

அது பொய். மாடியில் இருந்த எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும், அவன் ஒருவனைத் தவிர. அந்தப் பொய்க்காக நான் அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். செத்த பிள்ளையை அவனுக்குத் தராமல் இருப்பது ஒன்றுதான் அந்தப் பெண்ணுக்கு அன்று மிச்சம் இருந்தது, அவர் அதைப் பிடுங்கவில்லை.

கமலக்கண்ணன் அம்மாவிடம் திரும்பினான்.

"நீ சொல்லும்மா. நீ தொட்டுப் பாத்தல்ல? எம்புள்ளதான? சொல்லும்மா!"

பச்சையம்மாள் மருமகளைப் பார்த்தாள். உடைந்த தாடையை, கிழிந்த மணிக்கட்டை, பால் கட்டி நனைந்திருந்த ரவிக்கையைப் பார்த்தாள். விரித்திருந்த தாளை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மகனின் தோளைத் தொட்டாள்.

"எழுந்துர்றா கண்ணா" என்றாள். "போலாம் வா."